வீதி விபத்தும் கணக்கேடும்

வீதியில் இரண்டு மோட்டார் வண்டிகள் மோதிக்கொள்கின்றன. ஓசை கேட்ட மாத்திரத்தே நாற்புறத்திலிருந்தும் மக்கள் ஓடி வருகின்றனர். அடிபட்டவர்களை வைத்தியசாலைக்கு அனுப்பிய பின்னர், கூடி நிற்பவர்களிடையே எழுகின்ற முதல் வினா எது? "பிழை யாருடையது?" என்பதே. பின்னர் வந்து சேரும் பொலிசாரும் அதனையே வினவுகின்றனர். நீதிமன்றமும் அதனையே ஆராய்கின்றது. காப்புறுதிக் கம்பனிக்கு வேண்டியதும் அதுவே. அது நியாயமான வினாத்தான். குற்றம் இழைத்தவன் தண்டனை பெறவேண்டும். நட்டப்பட்டவன் ஈடு பெறவேண்டும். ஆயினும், அந்த வினாவுக்கு எத்துணைத் திருத்தமான விடை கிடைத்தாலும், ஒரே காரில் இருந்த இருவருள் ஒருவர் எதனால் இறந்தார், மற்றவர் எதனால் எழுந்து நடந்தார் என்பது அவ்விடையிலிருந்து தெரியவராது.

அதற்கு வேறொரு வினா வேண்டும். "உடம்பை எது தாக்கியது?" என்பது அந்த வினா. கேட்பதற்கு மிக எளிதாகத் தோன்றும் இவ்வினாவை மோட்டார் வண்டி உலகில் ஓடத் தொடங்கி நெடுங்காலம் வரை எவரும் முறையாகக் கேட்கவில்லை. ஒருவன் இறந்தால் அது விதி என்றும், பிழைத்தால் அது அதிர்ஷ்டம் என்றும் கூறி அமைதியுற்றனர். அந்த அமைதியைக் குலைத்தவருள் முதன்மையானவர் அமெரிக்கரான ஹியூ டீஹேவன் என்பவர். அவர் வைத்தியரும் அல்லர். பட்டம் பெற்ற பொறியியலாளரும் அல்லர்.

1895ஆம் ஆண்டில் பிறந்த டீஹேவன், முதலாம் உலக யுத்த காலத்தில் கனடாவில் அமைக்கப்பெற்ற விமானப் படைப்பிரிவில் சேர்ந்து பயிற்சி பெற்றார். அப்பயிற்சியின்போது அவருடைய விமானம் ஆகாயத்தில் மற்றொன்றுடன் மோதி நிலத்தில் வீழ்ந்தது. கால்கள் முறிந்தன. ஈரலும் கணையமும் பித்தப்பையும் கிழிந்தன. மாதக் கணக்கில் வைத்தியசாலையிற் கிடந்த அவர், தாம் பிழைத்தது அதிர்ஷ்டம் என்று பிறர் சொல்லக் கேட்டுத் தலையசைத்துவிட்டு இருந்துவிடவில்லை. வயிற்றினுள்ளே இத்துணைச் சேதம் எதனால் விளைந்தது என்று ஆராய்ந்தார். தம்மைக் காப்பதற்காக இடையிற் கட்டப்பட்டிருந்த பட்டியின் கொளுவியே வயிற்றினுட் பாய்ந்தது என்ற முடிவுக்கு வந்தார். விமானம் வீழ்ந்தமைக்குக் காரணம் வேறு. வயிறு கிழிந்தமைக்குக் காரணம் வேறு. இந்தப் பாகுபாடு இன்று நமக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். அன்று அதனைச் சொன்னவரைப் பலர் விசித்திரமான மனிதர் என்றே எண்ணினர்.

பின்னர் இயந்திரங்களைப் புதிதாக அமைத்துக் கொடுத்துப் பொருளீட்டிய அவர், ஓய்வு கிடைத்த காலத்தில் இவ்விடயத்துக்கு மீண்டார். அவர் செய்த முதல் ஆராய்ச்சி மோட்டார் வண்டியைப் பற்றியதன்று. உயரமான கட்டடங்களிலிருந்து வீழ்ந்தும் இறவாது பிழைத்தவர்களைப் பற்றியது. ஐம்பது அடியிலிருந்து நூற்றைம்பது அடி வரையிலான உயரங்களிலிருந்து வீழ்ந்து உயிர் தப்பிய எண்மரின் செய்திகளைத் தேடிச் சேகரித்தார். வீழ்ந்த உயரம் எவ்வளவு, எதன்மீது வீழ்ந்தனர், வீழ்ந்த இடம் எத்தனை அங்குலம் பதிந்தது, உடம்பின் எந்தப் பகுதி முதலில் பட்டது என்று அளந்து எழுதினார். அவர்களுள் ஒரு பெண் 17ஆம் மாடியிலிருந்து, 144 அடி வீழ்ந்தவர். அவர் வந்து விழுந்தது கட்டடத்துக்குக் காற்றோட்டம் அளிப்பதற்கென அமைந்த உலோகப் பெட்டியொன்றின்மீது. அந்தப் பெட்டி ஓர் அடிக்கு மேலாக உள்ளே அமிழ்ந்தது. அவருடைய கைகளில் எலும்புகள் முறிந்தன; பாதத்திலும் பலத்த காயம். ஆனால் அவர் எழுந்து உட்கார்ந்து, தம்மைத் தமது அறைக்குக் கொண்டுபோகும்படி கேட்டாராம்.

1942ஆம் ஆண்டில் இந்த ஆராய்ச்சி வெளியாயிற்று. அதன் உட்பொருளைச் சிறு கணக்கினால் விளக்கலாம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார் சுவரில் மோதுவது, ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து, வீழ்வதற்குச் சமம். அந்த வேகத்துடன் செல்லும் தலையானது இரும்பு விளிம்பொன்றிற் பட்டு ஐந்து சென்ரிமீற்றர் தூரத்தில் நிறுத்தப்படுமாயின், மண்டை ஓடு தாங்காது. அதே தலை ஐம்பது சென்ரிமீற்றர் தூரம் சென்று படிப்படியாக நிறுத்தப்படுமாயின், அதன்மேற் செல்லும் விசை பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கொல்வது வேகமன்று, வேகம் மிகக் குறுகிய தூரத்தில் அற்றுப்போவதே. 17ஆம் மாடிப் பெண்ணைக் காத்தது அந்தப் பெட்டி நசுங்கிக் கொடுத்த ஓரடித் தூரம்.

இக்கருத்தை மோட்டார் வண்டிக்குப் பொருத்திக் காட்டுவதற்கு டீஹேவன் எடுத்தாண்ட உவமை, சந்தைக்குப் பொருள் அனுப்பும் எவருக்கும் விளங்கக்கூடியது. உடையக்கூடிய பண்டத்தைப் பெட்டியிலிட்டு அனுப்புபவன் என்ன செய்வான்? வழியிற் பெட்டி திறந்துகொள்ளாதவாறு பூட்டுவான். பண்டம் பெட்டிக்குள் உருளாதவாறு இறுக்குவான். பெட்டியின் உட்புறத்தில் மெத்தென்ற பொருளை வைப்பான். பெட்டி அடிபட்டால் அடியைத் தானே வாங்கிக்கொள்ளுமாறு அதனை அமைப்பான். முட்டைக்கும் கண்ணாடிப் பாத்திரத்துக்கும் மனிதன் காட்டும் இந்த அக்கறையை அன்றைய மோட்டார்க் கம்பனிகள் மனிதனுக்குக் காட்டவில்லை. கதவு மோதலில் திறந்துகொண்டது. சுக்கான் தண்டு சாரதியின் மார்பை நோக்கி ஈட்டிபோல நின்றது. முன்பலகையிலே பளபளப்பான உலோகக் குமிழ்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவை அழகுக்காக வைக்கப்பட்டவை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் உவமை வேறு, சான்று வேறு. கம்பனிகளை அசைப்பதற்குச் சான்று வேண்டியிருந்தது. நியூயோர்க்கில் கோர்னெல் பல்கலைக் கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் 1942ஆம் ஆண்டு தொடங்கிய விபத்துக் காய ஆராய்ச்சி முதலில் விமானங்களையே ஆராய்ந்தது. மோட்டார் வண்டிப் பக்கம் அதனைத் திருப்புவதற்குத் துணைநின்றவர் இந்தியானா மாநிலப் பொலிஸ் சார்ஜன்ட் எல்மர் போல். தம் மாநிலத்து வீதிகளில் உயிரிழந்தோரின் விபத்துக்களை ஆராய்ந்த அவர், இவர்களைக் கொன்றது பெரும்பாலும் காரின் உட்புறமே என்று கண்டார். விபத்து இடத்திலே குற்றவாளியைத் தேடுவது கடமையாயிருந்த ஒருவரே அந்தக் கடமைக்கு அப்பாலும் சென்று, காரினுள்ளே தலையை நீட்டிப் பார்த்தமை பாராட்டுக்குரியது.

1953ஆம் ஆண்டில் கோர்னெலில் மோட்டார் விபத்துக் காய ஆராய்ச்சிக்கெனத் தனித் திட்டம் ஏற்பட்டது. விபத்து நிகழ்ந்ததும் பொலிசார் காரின் சேதத்தைப் படிவத்தில் எழுதுவர், புகைப்படம் எடுப்பர். வைத்தியர் ஒவ்வொருவருடைய காயத்தையும் வேறொரு படிவத்தில் எழுதுவார். இரண்டும் நியூயோர்க்குக்குச் செல்லும். அங்கே இவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பர். பொலிஸ் அறிக்கையில் வளைந்த சுக்கான் உளது; வைத்திய அறிக்கையில் முறிந்த விலா எலும்பு உளது. இரண்டும் தனித்தனிக் கந்தோர்களில் தனித்தனிக் கோவைகளிற் கிடக்கும்வரை அவற்றாற் பயனில்லை. அவை ஒரே மேசைக்கு வந்த நாளிலேதான் மோட்டார் விபத்து ஆராய்ச்சி பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அந்த மேசையில் முதலிற் சிதைந்துபோனது பலருக்கும் பிடித்தமான ஒரு நம்பிக்கை. விபத்தின்போது வண்டியிலிருந்து தூக்கி வெளியே எறியப்படுவதே நல்லது. உள்ளே அகப்பட்டு நசுங்குவதைவிடப் புற்றரையில் வீழ்வது மேல் என்று மக்கள் நம்பினர். அப்படி வீழ்ந்து பிழைத்த ஒருவரை ஒவ்வொரு ஊரிலும் சுட்டிக்காட்டவும் அவர்களால் முடிந்தது. கோர்னெலின் கணக்கு இதற்கு நேர்மாறாக இருந்தது. கதவு திறந்து வெளியே எறியப்பட்டவர்கள் இறக்கும் அபாயம், உள்ளேயே இருந்தவர்களுடையதைவிடப் பன்மடங்கு மிகுதி. ஊரிற் சுட்டிக்காட்டப்பட்டவர் பிழைத்தவர். எறியப்பட்டு இறந்தவரை எவரும் சுட்டிக்காட்ட இயலாது. அவர் தம் கதையைச் சொல்லத் திரும்பி வரவில்லை அன்றோ? இதன் பயனாக 1950களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கார்களின் கதவுப் பூட்டுகள் வலுப்பெற்றன. 1956ஆம் ஆண்டு மாதிரிகளில் ஃபோர்ட் கம்பனி, மோதலிற் திறவாத கதவுப் பூட்டையும், மார்பிலிருந்து விலகிக் குழிந்த சுக்கானையும் கொடுத்தது. ஆசனப் பட்டியை வேண்டியவர்கள் தனி விலை கொடுத்து வாங்கலாயினர்.

கோர்னெலின் முறையிலே ஒரு குறையும் இருந்தது. அதன் கணக்கேட்டிற் சேர்ந்தவை, ஒருவரேனும் காயமடைந்த விபத்துக்கள் மாத்திரமே. மோதியும் எவரும் காயப்படாது வீடு சென்ற கார்கள் அந்த ஏட்டில் இல்லை. இது சிறு குறை போலத் தோன்றலாம். ஆனால் ஒரு காப்புச் சாதனத்தின் பயனை அளப்பவனுக்கு இது பெருங்குறை. ஆசனப் பட்டி அணிந்திருந்தவர்கள் காயமின்றித் தப்பியிருந்தால், அந்த நற்செய்தியே அவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகின்றது. பட்டி எவ்வளவுக்கு நன்றாக வேலை செய்கின்றதோ, அவ்வளவுக்கு அதன் சாட்சிகள் மறைந்துபோகின்றனர். வைத்தியசாலை வாசலில் நின்று விபத்துக்களை எண்ணுபவர் எவருக்கும் இந்த ஆபத்து உண்டு.

இதற்கு விடை சுவீடனிலிருந்து வந்தது. வொல்வோ கம்பனியிற் பணியாற்றிய நில்ஸ் போலின் என்பவர் முன்னர் போர் விமானங்களில் விமானியை வெளியே எறியும் ஆசனங்களை அமைத்தவர். மனிதனை வெளியே எறியக் கற்றவர், 1959ஆம் ஆண்டில், மனிதனை உள்ளே இருத்தும் மூன்று முனைப் பட்டியை அமைத்துக் கொடுத்தார். இன்று உலகெங்கும் கார்களிற் காணப்படும், தோளின்மேலும் இடையின்மேலும் செல்லும் பட்டி அதுவே. அதன் உரிமையைக் கம்பனி தனக்கென வைத்துக்கொள்ளாது பிற கம்பனிகளும் பயன்படுத்த விட்டது. எனினும் பட்டியை மக்கள் அணியவில்லை. அது கழுத்தை அறுக்கும் என்றனர். தீப்பற்றினால் வெளியேற விடாது என்றனர்.

சுவீடனில் வொல்வோ கார் வாங்கியவர்களுக்குக் கம்பனியே ஐந்தாண்டுகளுக்கு விபத்துச் சேதத்தைத் திருத்திக் கொடுக்கும் உத்தரவாதம் ஒன்று 1954ஆம் ஆண்டிலிருந்து இருந்து வந்தது. அது வியாபாரத்துக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. ஆராய்ச்சியாளனுக்கோ அது கிடைத்தற்கரிய புதையல். ஏனெனில், திருத்தச் செலவு கேட்டு வருபவன் தான் காயமடைந்தாலும் அடையாவிட்டாலும் வருவான். தகடு நசுங்கிய கார் ஒவ்வொன்றும் கணக்கில் விழுந்துவிடும். இவ்வாறு சேர்ந்த 28,000க்கு மேற்பட்ட விபத்துக்களை, அவற்றில் முன் ஆசனங்களில் இருந்த 37,000க்கு மேற்பட்டவர்களின் நிலையை, போலின் ஆராய்ந்து 1967ஆம் ஆண்டில் வெளியிட்டார். பட்டி அணியாதவர்கள் எல்லா வேகங்களிலும் இறந்திருந்தனர். மிகக் குறைந்த வேகத்திலுங்கூட. பட்டி அணிந்தவர்களுள், மணிக்கு 60 மைலுக்குக் குறைந்த வேகத்தில் நிகழ்ந்த மோதல்களில், ஒருவரேனும் இறக்கவில்லை.

பட்டியைப் பற்றி அதுகாறும் நடந்த வாதங்களுள் இதற்கு நிகரான சான்று எதுவுமில்லை. 1970ஆம் ஆண்டின் இறுதியில் அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலம் ஆசனப் பட்டி அணிவதைச் சட்டமாக்கியது. ஏனைய நாடுகள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன.

இந்த ஆராய்ச்சி நாளடைவில் எவ்வளவு நுட்பமாக வளர்ந்தது என்பதை அறிய விரும்புவோர் ஜெர்மனியை நோக்கலாம். அங்கே ஹனோவர் நகரத்து மருத்துவக் கல்லூரி 1973ஆம் ஆண்டிலிருந்து விபத்து இடத்துக்கே சென்று தரவு சேகரித்து வருகின்றது. 1999ஆம் ஆண்டில் டிறெஸ்டன் நகரமும் சேர்ந்து, இரு நகரங்களிலும் ஒரே முறையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 விபத்துக்களை ஆராயும் திட்டம் உருவாயிற்று. பொலிசாருக்கும் தீயணைப்புப் படைக்கும் செய்தி எட்டியதும் ஆராய்ச்சிக் குழுவும் நீல விளக்கு எரிய விரைகின்றது. தொழில்நுட்பம் அறிந்தவர்கள் வீதியில் ரயர் தேய்ந்த கோடுகளை அளப்பர். வண்டிகள் நின்ற நிலையைப் படமாக்குவர். தகடு எத்தனை சென்ரிமீற்றர் உள்ளே சென்றது என்று குறிப்பர். மருத்துவம் அறிந்தவர் காயப்பட்டவர்களைப் பற்றிய விபரங்களைத் திரட்டுவார். ஒரு விபத்துக்கு ஆயிரக்கணக்கான குறிப்புகள் சேரும்.

இவர்களுடைய வேலையில் இரண்டு அம்சங்கள் குறிப்பிடத்தக்கவை. ஒன்று, எந்த விபத்தைத் தெரிவது என்பது பற்றியது. கோரமான விபத்தே மனத்தைக் கவரும். பத்திரிகையில் வருவதும் அதுவே. ஆனால் கோரமானவற்றை மாத்திரம் தெரிந்தெடுப்பவன் கோரத்தைத்தான் கற்பான், வீதியைக் கற்கமாட்டான். ஆகவே குழுவினர் முன்னரே குறித்த மணி நேரங்களிற் கடமையில் இருப்பர். நேரம் வாரந்தோறும் மாறும். ஒரு விபத்தை முடித்ததும், அதற்குப் பின் அண்மையில் நிகழ்ந்தது எதுவோ, அது சிறிதாயினும் பெரிதாயினும், அதற்கே செல்வர். தாம் சேர்த்த மாதிரி அப்பகுதியில் நிகழும் எல்லா விபத்துக்களையும் ஒத்திருக்கின்றதா என்று பொலிஸ் பதிவுகளோடு ஒப்பிட்டுத் திருத்தியும் கொள்வர்.

மற்றது, பேச்சை நம்பாது பொருளை நோக்குவது. "பட்டி அணிந்திருந்தீர்களா?" என்று கேட்டால், சட்டத்துக்கு அஞ்சியவர் ஆம் என்றே சொல்வார். பட்டியோ பொய் சொல்லாது. பலத்த மோதலில் உடம்பின் பாரம் முழுதும் பட்டியில் விழும்போது, அது கொளுவியின் வளையத்தில் உராய்ந்து, நெசவில் தேய்ந்த அடையாளத்தை விட்டுவைக்கும். அதனை ஆராய்ச்சியாளர் விரலால் தடவிப் பார்த்துக் கண்டுகொள்வர். முன்கண்ணாடியிற் சிலந்தி வலை போன்ற வெடிப்பு, தலை பட்ட இடத்தைக் காட்டும். முழங்கால் பட்ட இடம் முன்பலகையிற் குழிந்திருக்கும்.

காயத்தை அளப்பதற்கும் பொதுவான அளவுகோல் வேண்டியிருந்தது. "பலத்த காயம்" என்று ஒரு வைத்தியர் எழுதுவதும் மற்றொரு வைத்தியர் எழுதுவதும் ஒன்றாகா. இதற்கென அமெரிக்காவில் 1971ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட சுருக்கக் காய அளவுகோல், ஒவ்வொரு காயத்துக்கும் 1 முதல் 6 வரை எண் கொடுக்கின்றது. 1 என்பது சிறு சிராய்ப்பு; 6 என்பது சிகிச்சைக்கு அப்பாற்பட்டது. இறப்பை எண்ணுவதிலுங்கூட இத்தகைய வரையறை வேண்டும். அமெரிக்கா 1975ஆம் ஆண்டு தொடங்கிய தேசியப் பதிவிலே, விபத்து நிகழ்ந்து 30 நாட்களுக்குள் இறந்தவர் விபத்தினால் இறந்தவராகக் கொள்ளப்படுகின்றார். இன்று காரினுள்ளே இருக்கும் சிறு மின்கருவி மோதலுக்கு முந்திய சில விநாடிகளின் வேகத்தையும் பிறேக் மிதிக்கப்பட்டதா என்பதையும் தானே பதிந்துகொள்கின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024ஆம் ஆண்டு யூலை முதல் விற்கப்படும் புதிய கார்கள் அனைத்திலும் அது கட்டாயம்.

ஆராய்ச்சிக் கூடத்தில் நடத்தும் பரிசோதனை போதாதா, வீதியில் இரத்தம் சிந்தும்வரை காத்திருக்கத்தான் வேண்டுமா என்று நேயர்கள் வினவலாம். காற்றுப்பையின் வரலாறு அதற்கு விடை கூறும். அது துயரமான விடை. மோதலின்போது கண்ணிமைக்கும் நேரத்தில் விரிந்து தலையையும் மார்பையும் தாங்கும் இப்பை, கூடத்துப் பரிசோதனைகளிற் சிறப்பாகத் தேறியது. ஆனால் அமெரிக்காவில் அப்பரிசோதனையிற் பயன்பட்ட பொம்மை நடுத்தர உருவமுள்ள ஆண் மகனுடையது. அதுவும் பட்டி அணியாதது. அத்தகைய உடம்பைப் பட்டியின்றித் தாங்குவதற்குப் பை மிகுந்த வலிமையோடு விரியவேண்டியிருந்தது. 1990களில் விபத்து விசாரணைக் குழுக்களின் அறிக்கைகளில் விளங்காத மரணங்கள் தலைகாட்டின. மெதுவான வேகத்தில், கார் அதிகம் நசுங்காத மோதல்களில், முன் ஆசனத்திலிருந்த குழந்தைகளும், சுக்கானுக்கு மிக அருகே அமர்ந்து ஓட்டிய சிற்றுருவப் பெண்களும் இறந்திருந்தனர். அவர்களைக் கொன்றது காக்க வந்த பையே.

ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியே ஆராய்ந்ததனால்தான் இது வெளிப்பட்டது. மொத்தக் கணக்கை மாத்திரம் நோக்கியிருந்தால், பையினால் உயிர் தப்பியோர் தொகை இறந்தோர் தொகையினும் மிகப் பெரிதாகையால், அந்தச் சிறு தொகை அதனுள் மறைந்தே போயிருக்கும். 1990 முதல் 2008 வரை மெதுவான மோதல்களில் முன்புறக் காற்றுப்பையினால் இறந்தவர்கள் 290க்கு மேல்; அவர்களுட் பெரும்பாலோர் 1998ஆம் ஆண்டுக்கு முன் செய்யப்பட்ட கார்களில் இருந்தவர்கள். 1997ஆம் ஆண்டில் விதி திருத்தப்பட்டு, வலிமை குறைந்த பைகள் பொருத்தப்பட்டன. குழந்தைகளைப் பின் ஆசனத்தில் இருத்துமாறு பெற்றோருக்கு அறிவுறுத்தப்பட்டது.

அந்த நடுத்தர ஆண் பொம்மையைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியது உண்டு. 1970களில் உருவாகி உலகெங்கும் பரவிய அதன் எடை ஏறத்தாழ 78 கிலோ. பெண்ணுக்கென நெடுங்காலம் பயன்பட்டது, அதனையே சுருக்கிச் செய்தது போன்ற மிகச் சிறிய பொம்மை; அது நடுத்தரப் பெண்ணையும் ஒத்ததன்று. வீதிக் கணக்கு இதனை வெளிப்படுத்தியது. பட்டி அணிந்த சாரதிகளை ஒத்த மோதல்களில் ஒப்பிட்டு அமெரிக்காவின் வேர்ஜீனியாப் பல்கலைக் கழகத்தார் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, பெண்கள் கடுங்காயம் அடையும் வாய்ப்பு ஆண்களுடையதைவிட 47 சதவீதம் மிகுதி என்றது.

இந்த 47 என்ற எண் உலகெங்கும் மேற்கோளாயிற்று. ஆனால் ஓர் எண் கிடைத்தவுடன் ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை. அந்நாட்டுக் காப்புறுதிக் கம்பனிகளின் ஆதரவில் இயங்கும் வீதிப் பாதுகாப்பு நிறுவனம் 2021ஆம் ஆண்டில் மற்றொரு கோணத்தில் நோக்கியது. பெண்கள் பெரும்பாலும் சிறிய, எடை குறைந்த கார்களை ஓட்டுகின்றனர். இரு கார்கள் மோதுகையில் இடிக்கும் காரில் ஆணும் இடிபடும் காரில் பெண்ணும் இருப்பது மிகுதி. இவற்றை ஒதுக்கி, ஒத்த மோதல்களை மாத்திரம் ஒப்பிட்டபோது வேறுபாட்டின் பெரும்பகுதி குறைந்தது. குறையாமல் நின்றவற்றுள் முக்கியமானது கால் காயம். அப்படியாயின் அங்கே பெண் உடம்பின் அமைப்புக்கும் காரின் அமைப்புக்கும் இடையே ஏதோ பொருத்தமின்மை உளது என்று துணியலாம். பழியைக் கார் முழுவதன்மேலும் போடாது, காலடியில் உள்ள சில அங்குல இடத்தை நோக்கி விரலை நீட்டுவதற்கு இவ்வகை ஆய்வே உதவுகின்றது. 2022ஆம் ஆண்டில் சுவீடன் ஆராய்ச்சியாளர்கள், 162 சென்ரிமீற்றர் உயரமும் 62 கிலோ எடையும் கொண்ட நடுத்தரப் பெண்ணின் பொம்மையை, பின்புற மோதற் பரிசோதனைக்கென உருவாக்கிக் காட்டினர். வொல்வோ கம்பனியும் 40,000க்கு மேற்பட்ட கார்களைப் பற்றித் தான் சேர்த்த ஆராய்ச்சிகளை 2019ஆம் ஆண்டில் எல்லோருக்கும் திறந்துவிட்டது.

இதுவரை கூறியவை யாவும் செல்வ நாடுகளின் செய்திகள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் வீதி விபத்தினால் இறந்தவர்கள் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர். அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் வறிய நாடுகளிலும் நடுத்தர வருவாயுள்ள நாடுகளிலும் இறந்தனர். இறப்பு மிகுந்த இடத்தில் கணக்கேடு மெலிந்திருக்கின்றது. கணக்கேடு தடித்திருக்கும் இடத்தில் இறப்பு குறைந்திருக்கின்றது.

அந்த ஏட்டைத் தொடங்கியிருக்கும் இடங்களுள் ஒன்று தமிழகத்துக் கோயம்புத்தூர். 2011ஆம் ஆண்டிலிருந்து, அந்நகரை மையமாகக் கொண்டு, இந்திய வீதி விபத்துக்களை மாதிரி எடுத்து ஆராயும் முயற்சி, மோட்டார்க் கம்பனிகள் பலவற்றின் கூட்டுறவுடன் நடைபெற்று வருகின்றது. அளக்கும் முறை ஹனோவரில் உள்ளது போன்றதே. அளக்கப்படும் வீதி வேறு. நெடுஞ்சாலை ஓரத்தில் பழுதுபட்டோ ஓய்வுக்காகவோ நிற்கும் லொறியின் பின்புறத்தில் கார் மோதுகின்றது. லொறியின் அடித்தட்டு காரின் முன்கண்ணாடி மட்டத்தில் இருப்பதால், நசுங்கித் தாங்குவதற்கென அமைக்கப்பட்ட காரின் மூக்கு எதனையும் சந்திக்காமலே அடியிற் புகுந்துவிடும். லொறியின் விளிம்பு நேரே முகத்தைச் சந்திக்கும். பட்டியும் பையும் அங்கே என்ன செய்ய இயலும்? அந்தக் காருக்குச் செய்யத்தக்க பாதுகாப்பு லொறியின் பின்புறத்தில் இருக்கின்றது.

இலங்கை வீதியில் இதனினும் வேறான ஒரு வாகனம் நாள்தோறும் ஓடுகின்றது. முச்சக்கர வண்டியில் சாரதியின் முன்னே சுக்கான் சில்லு இல்லை, கைபிடித் தண்டு உளது; பின்னால் இருப்பவரின் முன்னே ஓர் இரும்புக் குழாய் குறுக்கே செல்கின்றது. மோதலில் அவருடைய முழங்கால் எதிற் படுகின்றது, நெற்றி எதிற் படுகின்றது, எத்தனை பேர் பக்கவாட்டில் வெளியே எறியப்படுகின்றனர் என்பவற்றுக்குக் கோர்னெலின் ஏட்டிலோ ஹனோவரின் ஏட்டிலோ விடை இல்லை. மோதலிற் திறவாத கதவு வேண்டும் என்பது அந்த ஏடுகளின் முதற் பாடம். முச்சக்கர வண்டிக்கோ கதவே இல்லை.